சவுக்கு வரிசைக்குள் தர்ப்பூசணி: சிறு விவசாயியின் வரவுக் கணக்கு

மார்கழி பிறந்து மழை ஓய்ந்ததும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, செய்யூர் பக்கத்துக் கடலோர மணல் நிலங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஐப்பசி மழையில் நட்ட சவுக்குக் கன்றுகள் ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் வரிசை பிடித்து நிற்கும். வரிசைகளுக்கு நடுவே குழியெடுத்து, எரு போட்டுத் தர்ப்பூசணி விதை ஊன்றியிருப்பார்கள். கன்றுக்கு ஊற்றும் தண்ணீரிலேயே கொடியும் படரும். தர்ப்பூசணி எண்பது, தொண்ணூறு நாளில் காய்த்து வண்டியேறிவிடும். சவுக்கு வெட்டுக்கு வர மூன்று, நான்கு ஆண்டு ஆகும். ஒரே மணல், ஒரே ஆழ்துளைக் கிணறு, இரண்டு நாட்காட்டி.

இந்த ஏற்பாட்டால் அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது? சவுக்கை மட்டும் வைத்தவரைவிட, தர்ப்பூசணியை மட்டும் போட்டவரைவிட இவர் கையில் கூடுதலாக என்ன நிற்கிறது? இந்த உரையின் பொருள் இவ்வளவுதான். கேள்வி எளிது. பதில் எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே போகும்.

நாவல் மரத்தைப் பெயரில் வைத்திருக்கும் நாவலூரில் இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஏரியும் கழனியுமாக இருந்த ஊர், பழைய மாமல்லபுரம் சாலை அகலமாகி, சிறுசேரியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்த பிறகு அடுக்குமாடிகளின் ஊராகிவிட்டது. ஆனால் திருப்போரூரைத் தாண்டினால் இன்னும் பயிர் இருக்கிறது. திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர் என்று தெற்கே போகப் போக ஏரிப் பாசனக் கழனியும் வானம் பார்த்த கொல்லையும் மாறி மாறி வருகின்றன. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டம், நகரத்தின் விளிம்பில் விவசாயம் செய்கிற மாவட்டம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரி 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த இரண்டு ஏக்கரில் ஒரு பயிரா, இரண்டு பயிரா என்பது அந்த வீட்டின் ஆண்டு வரவைத் தீர்மானிக்கும் முடிவு.

ஊடுபயிரைப் பற்றிப் பேசும்போது முதலில் வருவது ஓர் எண். ஐதராபாத்துக்கு அருகே பட்டஞ்சேருவில் 1972இல் தொடங்கிய இக்ரிசாட் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஆர்.டபிள்யூ. வில்லி அதைப் பரவலாக்கினார். நில ஈடு விகிதம் என்று தமிழில் சொல்லலாம். ஓர் ஏக்கரில் இரண்டு பயிரைச் சேர்த்துப் போட்டு எடுத்த விளைச்சலைத் தனித்தனியாக எடுக்க வேண்டுமானால் எத்தனை ஏக்கர் தேவைப்படும் என்பதே அந்த எண். விடை ஒன்றுக்கு மேல் போனால் சேர்த்துப் போட்டது லாபம். 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உலகம் முழுவதும் நடந்த 126 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இந்த விகிதம் சராசரியாக 1.30 என்று கண்டது. மொத்த வருமானம் சராசரியாக 33 சதவீதம் கூடுதல் என்றும் சொன்னது.

முப்பது சதவீதம் என்றதும் மனம் துள்ளுகிறது. மேடைகளிலும் துண்டறிக்கைகளிலும் இந்த எண் வந்தவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. அங்கே முடியக்கூடாது. அந்த 33 சதவீதம் செலவு கழிக்காத மொத்த வரவு. அதோடு, விகிதத்தின் உள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் காட்ட ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளைச்சல் அளவுகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை, விலைகள் மத்திய அரசு 2025-26க்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலைகள்: குவிண்டாலுக்கு வேர்க்கடலை 7,263 ரூபாய், துவரை 8,000 ரூபாய்.

கொல்லையில் ஓர் ஏக்கர். வேர்க்கடலையை மட்டும் போட்டால் எட்டு குவிண்டால், துவரையை மட்டும் போட்டால் நான்கு குவிண்டால் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 58,104 ரூபாய், இரண்டாவது 32,000 ரூபாய். இப்போது சில சால் வேர்க்கடலைக்கு ஒரு சால் துவரை என்று ஊடே விதைத்து, வேர்க்கடலையில் 85 சதவீதமும் துவரையில் 45 சதவீதமும் கிடைத்ததாகக் கொள்வோம். நில ஈடு விகிதம் 1.30. அருமையான எண். ரூபாயில் பார்த்தால் 6.8 குவிண்டால் வேர்க்கடலைக்கு 49,388, 1.8 குவிண்டால் துவரைக்கு 14,400, ஆக 63,788 ரூபாய். வேர்க்கடலையை மட்டும் போட்டவரைவிட 5,684 ரூபாய் அதிகம். பத்து சதவீதம்கூட இல்லை!

முப்பது எப்படிப் பத்தாகச் சுருங்கியது? விகிதம், இரண்டு பயிரும் வேண்டும் என்று நினைக்கிறவரை அளக்கிறது. அவர் வேர்க்கடலைக்கு 0.85 ஏக்கரும் துவரைக்கு 0.45 ஏக்கரும் தனித்தனியே ஒதுக்க வேண்டியிருக்கும். அவருக்கு முப்பது சதவீத மிச்சம் முழு உண்மை. விளைந்ததை எல்லாம் விற்கிற விவசாயி அப்படி யோசிப்பதில்லை. இருக்கிற பயிர்களில் எது அதிகம் தருமோ அதையே முழு ஏக்கரிலும் போடுவார். அவரோடு ஒப்பிட்டால் ஆதாயம் சுருங்கும். இரண்டு பயிரின் மதிப்பும் ஏறக்குறைய சமமாக இருந்தால் ஆதாயம் விகிதத்தை ஒட்டி வரும். ஒன்று உசத்தி, ஒன்று தாழ்த்தி என்றால் கரைந்துவிடும். சில நேரம் நட்டமாகக்கூட முடியும். ஊடுபயிரில் ஆர்வமுள்ளவர்கள் இதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். நம்பிக்கையோடு ஒரு சாலைத் துவரைக்குக் கொடுத்த விவசாயி, அறுவடையில் ஏமாந்தால் அடுத்த ஆண்டு யார் சொன்னாலும் கேட்கமாட்டார்.

கூடுதலாக வந்த 5,684 ரூபாய்க்கு வேலையும் கூடுகிறது. துவரை காய்ந்ததும் தனியாக வெட்ட வேண்டும், கட்டிக் களத்துக்குக் கொண்டுவர வேண்டும், அடித்துத் தூற்ற வேண்டும். இதற்குப் பத்து ஆள் கூடுதலாகப் பிடிக்கிறது, ஆளுக்குக் கூலி 400 ரூபாய் என்று கணக்கை நீட்டினால் 4,000 ரூபாய் கூலிக்கே போய்விடும். மிஞ்சுவது 1,684. அதே வேலையை வீட்டு ஆட்களே செய்தால், ஒரு நாள் உழைப்புக்கு 568 ரூபாய் கிடைத்ததாக ஆகிறது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். ஆள் வைத்துச் செய்பவருக்கு ஊடுபயிர் கிட்டத்தட்ட வெறுங்கை. சொந்தக் கையால் செய்பவருக்கு அது கௌரவமான கூலி.

நைஜீரியாவின் வட பகுதியில், சாரியா வட்டாரத்தில் டேவிட் நார்மன் என்ற பொருளாதார அறிஞர் இதையேதான் கண்டார். அங்கே விவசாயிகள் பல பயிரைக் கலந்து விதைப்பதை அறியாமை என்று அதிகாரிகள் எண்ணியிருந்த காலம். 1974இல் வெளியான அவருடைய ஆய்வு, களையெடுப்பு நெருக்கடியான வாரங்களில் ஒரு மணி நேர உழைப்புக்குக் கலப்புப் பயிர் தனிப்பயிரைவிட அதிகம் தருகிறது என்று காட்டியது. இடைவெளி விடாமல் தரையை மூடும் பயிர் களையையும் அடக்குகிறது. கைகள் போதாத வாரத்தில் எந்தப் பயிர் அதிகம் தருகிறது என்பதே அந்தக் குடும்பங்களின் கேள்வியாக இருந்தது. இக்ரிசாட் 1975இல் அவுரேபள்ளி, ஷிராபூர், கஞ்சரா கிராமங்களில் தொடங்கிய நீண்டகால ஆய்வுகளை வைத்து என்.எஸ். ஜோதா எழுதியதும் இதை ஒட்டியே வருகிறது: சிறிய நிலம் உள்ளவர்களிடம் ஊடுபயிர் அதிகம், பாசனம் வந்த இடங்களில் தனிப்பயிர் பெருகுகிறது.

செங்கல்பட்டில் இன்று கைகள் நகரத்தை நோக்கிப் போகின்றன. கட்டட வேலை, காவலாளி வேலை, அடுக்குமாடிகளில் வீட்டு வேலை. கொல்லையில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும். ‘குடும்ப உழைப்பு’ என்று கணக்கில் ஒரே சொல்லாகப் போட்டுவிட்டுப் போவது எளிது. குனிந்து களை எடுப்பதும், காராமணியைக் காய் காயாகப் பறிப்பதும், முறத்தில் புடைப்பதும் யார் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த 568 ரூபாய் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வியும் வரவுக் கணக்கைச் சேர்ந்ததே.

பணம் எவ்வளவு வருகிறது என்பதுபோலவே, எப்போது வருகிறது என்பதும் முக்கியம். மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற படாளம் பக்கத்துக் கரும்பை எடுத்துக்கொள்ளலாம். நட்டு அறுவடைக்குப் பத்துப் பன்னிரண்டு மாதம். ஆலையிலிருந்து பணம் அதற்கும் பிறகு. கரும்பு முதல் மூன்று மாதம் மெல்லத்தான் வளரும். ஐந்தடிப் பாரில் நட்ட கரும்புக்கு நடுவே வெயிலும் இடமும் சும்மா கிடக்கும். அங்கே உளுந்தோ பச்சைப்பயறோ விதைத்தால் எழுபது நாள் சொச்சத்தில் வீட்டுக்கு வந்துவிடும். கரும்பு பார் மூடும்போது பயறு நிலத்தை விட்டுப் போயிருக்கும்.

அந்தப் பயறு விற்று மூன்றாம் மாதம் பத்தாயிரம் ரூபாய் வந்ததாக வைப்போம். ஆண்டு இறுதியில் வரும் பத்தாயிரமும் இதுவும் ஒன்றல்ல. மூன்று ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால் பத்தாயிரத்துக்கு ஒன்பது மாத வட்டி 2,700 ரூபாய். உரத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கை நீட்டாமல் இருந்ததன் விலை அது. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை என்பது உண்மை, நல்ல ஏற்பாடும்கூட. ஆனால் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து உழுகிறவரிடம் காட்டுவதற்கு அவர் பெயரில் சிட்டாவோ அடங்கலோ இருக்காது. ஊடுபயிரின் முன்வரவு மிகுதியாகத் தேவைப்படுவது அவருக்குத்தான்.

சவுக்கும் தர்ப்பூசணியும் சேர்ந்த ஏற்பாட்டின் உயிரும் இந்தக் கால வித்தியாசமே. சவுக்கு இந்தக் கரைக்குப் பழைய பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கும் சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கும் விறகுக்காகக் கடலோர மணலில் பரவியது. பிறகு சாரக் கழியாகி, இன்று காகிதக் கூழுக்கும் போகிறது. வேர் முடிச்சுகளில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் சத்தில்லாத மணலிலும் தாக்குப்பிடிக்கும். வெட்டும்போது மொத்தமாகப் பணம் வரும், கல்யாணத்துக்கும் வீடு கட்டவும் உதவும். அதுவரை மூன்று ஆண்டு ஒரு காசு வராது. ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,800 கன்று. முதல் ஆண்டுத் தண்ணீரும் களையெடுப்பும் கட்டாயம். அந்தச் செலவைத் தர்ப்பூசணியோ வேர்க்கடலையோ எள்ளோ சுமந்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டு நிழல் கூடிவிடும், ஊடே எதுவும் வராது. ஒரே ஒரு ஆண்டு திறந்திருக்கும் வாசல் இது.

2025 கோடையில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சோதனை வந்தது. தர்ப்பூசணியில் நிறமேற்றுகிறார்கள் என்ற பேச்சு சென்னையிலிருந்து கிளம்பித் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மக்கள் வாங்க அஞ்சினார்கள். கொள்முதல் விலை சரிந்து, காய்கள் கொல்லையிலேயே கிடந்தன. விவசாயிகள் தெருவுக்கு வந்து பழத்தை அறுத்துத் தின்று காட்டினார்கள். பூச்சியும் இல்லை, புயலும் இல்லை, ஒரு வதந்தி! தர்ப்பூசணியை மட்டும் நம்பிக் கடன் வாங்கியவருக்கு அந்த ஆண்டு அத்தோடு முடிந்தது. சவுக்கு வரிசைக்குள் போட்டவருக்கும் அடி உண்டு. ஆனால் கொடி காய்ந்த பிறகும் நிலத்தில் ஒரு சொத்து வளர்ந்துகொண்டிருந்தது.

கெட்ட ஆண்டுகளைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கணக்கு இருக்கிறது. எம்.ஆர். ராவும் வில்லியும் 1980இல் சோளம்-துவரை ஊடுபயிர் பற்றிய 94 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். வருமானம் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே விழுந்தால் பேரிழப்பு என்று வைத்துக்கொண்டு, அது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை நேரும் என்று பார்த்தார்கள். துவரையை மட்டும் போட்டால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. சோளத்தை மட்டும் போட்டால் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டையும் சேர்த்தால் முப்பத்தாறு ஆண்டுக்கு ஒருமுறை.

சராசரி லாபம் சொற்பமாகவே இருந்தாலும், ஒரு விவசாயியின் வாழ்நாளில் ஏழெட்டு முறை வரும் வீழ்ச்சி ஒருமுறையாகக் குறைந்தால், அந்த வீட்டில் விற்காமல் தப்பும் நகை எத்தனை, நிலம் எத்தனை சென்ட்! இந்த உரையாளர் ஊடுபயிரின் பக்கம் சாய்வதற்கு முதன்மைக் காரணம் இந்த ஆய்வுதான். ஆனால் அதை அப்படியே திருப்போரூருக்கு எடுத்துவர முடியாது. தக்காணத்துக் கரிசலில் மழை ஓய்ந்த பிறகு துவரை ஆணிவேரை இறக்கி, மிச்ச ஈரத்தில் பூத்துக் காய்க்கிறது. இங்கே ஆடிப்பட்டத்தில் விதைத்த நீண்டகாலத் துவரை பூவெடுக்கும்போது வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பூ கொட்டும், தண்ணீர் தேங்கினால் செடி பட்டுப்போகும், மேகமூட்டத்தில் காய்ப்புழு ஏறும். மேட்டுக் கொல்லையில் தண்ணீர் வடிந்தால் சமாளிக்கலாம். தாழ்ந்த நிலத்தில் குறுகிய வயது காராமணியோ பச்சைப்பயறோ மேல். எந்த இரண்டு பயிர் என்பதை அந்தந்த நிலத்தின் மழைதான் சொல்ல வேண்டும்.

கடலோரத்தின் பேரிழப்புக்கு வேறு முகம் உண்டு. 2016 டிசம்பர் 12இல் வர்தா, 2022 டிசம்பர் 9 இரவில் மாமல்லபுரம் அருகே கரையேறிய மாண்டஸ். டிசம்பர்ப் புயல் வளர்ந்த சவுக்கைச் சாய்க்கும். மழை ஓய்ந்தபின் ஊன்றிய தர்ப்பூசணியை அது தொடுவதில்லை. தர்ப்பூசணிக்குப் பகை கோடை மழையும் விலையும், அவை சவுக்கை ஒன்றும் செய்வதில்லை. இரண்டு பயிருக்கும் எதிரிகள் வேறு வேறு மாதத்தில் வருவதால்தான் இந்தச் சேர்க்கை நிற்கிறது.

சீனாவின் யுன்னான் மாநிலத்தில் நெல்லுக்குள்ளேயே நெல்லைக் கலந்தார்கள். அங்கே பசைநெல்லுக்கு விலை அதிகம், குலைநோய்க்குப் பலியாவதும் அதிகம். 1998, 1999 ஆண்டுகளில் நோய் தாங்கும் வீரிய நெல் வரிசைகளுக்கு இடையே பசைநெல்லை நட்டுப் பார்த்ததில், பசைநெல்லில் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது. தனியாக நட்டபோது கிடைத்ததைவிட அதன் விளைச்சல் 89 சதவீதம் கூடியது. விலை மதிப்புள்ள, ஆனால் நோஞ்சானான பயிருக்கு இன்னொரு பயிர் அரணாக நிற்கும்போது வரவு உயர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரத் தென்னந்தோப்புகளில் வேறொரு வாய்ப்பு இருக்கிறது. தென்னையை ஏழரை மீட்டருக்கு ஏழரை மீட்டர் நட்டால் ஒரு மரத்துக்கு 56 சதுர மீட்டர். அதன் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள், சுமார் 12.5 சதுர மீட்டரில் அடங்கிவிடும். நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் தென்னை தொடுவதே இல்லை. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் 1970களிலேயே மிளகு, கோக்கோ, அன்னாசி என்று அடுக்கடுக்காகப் பயிர் வைத்துக் காட்டியது. பொள்ளாச்சியில் கோக்கோ வேரூன்றியது. உப்புக்காற்று வீசும் கோவளம் பக்கத்தில் அதே பயிர்கள் வரும் என்று சொல்வதற்கில்லை. வாழையும் தீவனப்புல்லும் கருணைக்கிழங்கும் இங்கே பழகியவை.

தனிப்பயிரின் நியாயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏரித் தண்ணீர் நிற்கும் கழனியில் நெல்லைத் தவிர என்ன போடுவது? வரப்பில் உளுந்து ஊன்றலாம், அறுவடைக்குச் சில நாள் முன்பு ஈரத்தில் பயறு தூவலாம், அவ்வளவுதான். நெல்லுக்கு அறுவடை இயந்திரம் இருக்கிறது, நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, அறிவித்த விலை இருக்கிறது, காப்பீடு இருக்கிறது. நெல் போடுகிறவர் சோம்பலால் போடுவதில்லை. அரசு கட்டிவைத்திருக்கும் ஒரே உறுதியான பாதையில் நடக்கிறார். 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வட்டாரவாரியாக அறிவித்த பயிருக்கே பொருந்தும். ஆறு சாலுக்கு ஒரு சாலாக நிற்கும் துவரை மழையில் போனால் அதற்கு இழப்பீடு கேட்க வழி இல்லை. கொஞ்சமாக விளைந்த துவரையைத் தனியாகக் கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்கவும் ஏற்பாடு இல்லை. ஊர் வியாபாரி சொன்னதே விலை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இத்தகைய சில்லறை விளைச்சலைத் திரட்டினால் மேலே போட்ட கணக்கின் விடையே மாறும்.

இயற்கை வேளாண்மையைத் தமிழ்நாட்டில் பேச்சாக்கிய கோ. நம்மாழ்வார் (1938-2013) பல பயிர்ச் சாகுபடியை ஊர் ஊராகச் சொல்லிப்போனார். அவர் மண்ணின் பக்கம் நின்று பேசினார். நாளுக்கு எத்தனை ஆள், எந்த மாதம் எவ்வளவு வரவு என்ற குறிப்பேடு அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எழுத வேண்டியது. சீனாவில் 2022 முதல் மக்காச்சோளமும் சோயாவும் பட்டை பட்டையாகச் சேர்த்துப் போடுவதை அரசே ஊக்குவிக்கிறது. இயந்திரம் புகுந்து அறுக்கத் தோதாகப் பட்டையின் அகலத்தை வகுத்துக்கொண்டார்கள். ஆள் குறைந்துவரும் செங்கல்பட்டுக்கு அந்த அகலக் கணக்கு உதவும். செய்யூர்க் கொல்லையில் எந்த அகலத்தில் வேர்க்கடலையும் காராமணியும் போட்டால் சிறு இயந்திரத்தால் களையெடுக்கலாம் என்பதைத் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் போன்ற ஓரிடத்தில் சோதித்துச் சொல்ல முடியும்.

பங்குனியில் நாவலூர் சந்திப்பில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுத் தர்ப்பூசணியைக் குவித்து வைத்திருப்பார்கள். அலுவலகம் விட்டு வருகிறவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்தி, கீற்று போட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். அந்தக் காய்களில் சில, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் ‘சவுக்கு’ என்று மட்டும் எழுதியிருக்கும் நிலத்திலிருந்து வந்தவையாக இருக்கும்.